சிபியு 800 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றுவிட்டால் கெர்னலில் எங்கே தேடுவது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் புதுப்பித்த நாளிலிருந்து அவருடைய மடிக்கணினியின் சிபியு 800 மெகாஹெர்ட்ஸைத் தாண்டுவதே இல்லையாம், எந்த வேகத்தைக் கேட்பது என்று முடிவுசெய்யும் கவர்னர் என்ற கெர்னல் பகுதியை பெர்ஃபார்மன்ஸ் என்று மாற்றிப் பார்த்தும் அசையவில்லையாம். இது கெர்னல் பிழையா, பிழை என்றால் தானே திருத்தி அனுப்ப முடியுமா என்பது கேள்வி. நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில், புதுப் போர்டுகளில் முதன்முதலாக கெர்னலை ஏற்றி ஓடவைக்கும் வேலையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். இந்த வேகச் சமாச்சாரத்தோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருத்த முடியும் தம்பி, நிச்சயமாக முடியும். ஆனால் கெர்னல் மூலத்தைத் திறப்பதற்கு முன்னால் பழைய கெர்னலை ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். கணினி எழும்போது வரும் பட்டியலில் முந்தைய பதிப்பு இன்னும் இருக்கும். அதே சார்ஜர், அதே மேசை, பேட்டரியும் ஏறக்குறைய அதே அளவு. அங்கேயும் 800தான் என்றால் கெர்னல் மேல் குற்றம் இல்லை, புதுப்பித்த அதே சமயத்தில் வேறு ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. போன வருஷம் என் அக்கா மகள் சுங்கை பட்டாணியிலிருந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்டேட் போட்டதிலிருந்து ஆமை மாதிரி நகருது மாமா, பழையபடி மாற்றிக் கொடுங்கள் என்றாள். திறந்து பார்த்தால் மின்விசிறி சுற்றவே இல்லை, கை வைக்கும் இடம் சில்லென்று இருக்கிறது, வெப்பநிலை 46 டிகிரி. கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் சிஸ் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு சிபியுவுக்கும் தெர்மல் த்ராட்டில் என்று ஒரு ஃபோல்டர் உண்டு, சிபியு தன் சூட்டால் எத்தனை தடவை வேகத்தைக் குறைத்தது என்ற கணக்கு அங்கே இருக்கும். அதுவும் 0. ஆனால் சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் எல்லாக் கோரும் 400 மெகாஹெர்ட்ஸில் கிடந்தன. சரி என்று சிபியுவின் உள் பதிவேடுகளில் ஹெக்ஸ் கணக்கில் 19சி என்ற எண்ணுள்ளதைப் படித்தேன், அதில் 2ஆம் பிட் 1 என்று நின்றது. வெளியிலிருந்து எதுவோ ப்ராக்ஹாட் என்ற பின்னை இழுத்துப் பிடித்துக்கொண்டு ‘வேகத்தைக் குறை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். சார்ஜரைப் பிடுங்கினேன், இரண்டு விநாடியில் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டது. பழைய சார்ஜரின் ஒயர் பிய்ந்துபோய், அப்டேட் போட்ட அதே வாரம் ஒரு கடையில் 35 ரிங்கிட்டுக்கு மாற்றுச் சார்ஜர் வாங்கியிருக்கிறாள். அது எத்தனை வாட் தரும் என்று மடிக்கணினியால் தெரிந்துகொள்ள முடியவில்லை, அதனால் போர்டில் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு பாதுகாப்புக்காக சிபியுவை அடியிலேயே வைத்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஹெக்ஸ் 1எஃப்சி என்ற பதிவேட்டில் 0ஆம் பிட்டை அணைத்தால் வெளியிலிருந்து வரும் அந்தக் கட்டளையை சிபியு கண்டுகொள்ளாது, வேகம் உடனே திரும்பிவிடும், பலரும் இதையே தீர்வாகச் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்தக் கட்டளை சார்ஜருக்காக மட்டும் வருவதில்லை, மின்சுற்று நிஜமாகவே சூடேறினாலும் அதே பின் வழியாகத்தான் வரும். சரியான சார்ஜரை வாங்குங்கள்.

பழைய கெர்னலில் வேகம் நன்றாக இருந்து புதியதில் மட்டும் விழுகிறது என்றால், அப்போது விஷயம் நம் கைக்கு வருகிறது. சிபியு வேகம் என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் மூன்று எண்கள். கெர்னல் எவ்வளவு வரை போக அனுமதி இருக்கிறது, கெர்னல் எவ்வளவு கேட்டது, சிபியு எவ்வளவில் ஓடியது. இந்த மூன்றையும் பிரித்து எழுதிவைக்காமல் பிழை தேடுகிறவர்கள் வாரக்கணக்கில் தப்பான கோப்பையே படித்துக்கொண்டிருப்பார்கள், நானும் ஆரம்பத்தில் அப்படிப் படித்தவன்தான்.

அனுமதி எவ்வளவு என்பதற்கு ஸ்கேலிங் மேக்ஸ் ஃப்ரீக் என்ற கோப்பைப் பாருங்கள், பக்கத்திலேயே சிபியுஇன்ஃபோ மேக்ஸ் ஃப்ரீக் இருக்கும். பின்னது அந்தச் சில்லால் முடிந்த அளவு, முன்னது இந்த நிமிடம் விட்டுவைத்திருக்கும் அளவு. முன்னது குறைந்து கிடக்கிறது, அதில் பெரிய எண்ணை எழுதினாலும் ஏற மாட்டேன் என்கிறது என்றால் குழம்ப வேண்டாம். இப்போதைய கெர்னலில் நீங்கள் எழுதும் எண் ஒரு கோரிக்கை மட்டுமே. வெப்பக் கட்டுப்பாட்டுப் பகுதி ஒரு கோரிக்கை வைக்கும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர், ஏசிபிஐ என்ற இடைமுகம் வழியாக இன்னொன்று வைக்கும், உச்ச வரம்பு என்று வரும்போது இருப்பதிலேயே சிறியதுதான் நிற்கும். யார் வைத்தது என்று தெரிய, பவர் என்ற பிரிவில் சிபியு ஃப்ரீக்வென்சி லிமிட்ஸ் என்ற டிரேஸ் பாயின்ட்டை (கெர்னலுக்குள் நடப்பதைப் பதிவுசெய்யும் இடம்) இயக்கிவைத்து, எந்தச் செயல்கூறு எதை அழைத்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸையும் சேர்த்துப் பிடியுங்கள். வரம்பை மாற்றிய செயல்கூறின் பெயரே அதில் வந்துவிடும். ஃபர்ம்வேர் வைத்த வரம்புதான் என்று தெரிந்தால் பிராசஸர் என்ற கெர்னல் துண்டுக்கு (மாட்யூல்) இக்னோர் பிபிசி என்ற அளவுருவை 1 என்று கொடுத்து ஒரு தடவை சோதிக்கலாம், ஆனால் அது சோதனைக்குத்தான், நிரந்தரமாக வைப்பதற்கு இல்லை.

உண்மையில் ஓடிய வேகத்துக்கு டர்போஸ்டாட் என்ற கருவியை நம்புங்கள். அது ஏபெர்ஃப், எம்பெர்ஃப் என்ற இரண்டு கவுன்டர்களின் விகிதத்திலிருந்து கணக்கிடுகிறது. முதலாவது சிபியு நிஜமாக ஓடிய வேகத்தில் ஏறும், இரண்டாவது மாறாத ஒரு வேகத்தில் ஏறும், சிபியு தூங்கினால் இரண்டுமே நின்றுவிடும். அதில் ஆவரேஜ் மெகாஹெர்ட்ஸ் என்ற பத்தியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது தூங்கிய நேரத்தையும் சேர்த்த சராசரி. பிஸி மெகாஹெர்ட்ஸ் என்ற பத்திதான் நமக்கு வேண்டியது. ஒரே ஒரு கோரில் முடிவில்லாத லூப் ஒன்றை ஓடவிட்டுவிட்டுப் பாருங்கள். சும்மா கிடக்கும் கணினியில் 800 தெரிவது பிழை இல்லை.

கவர்னர் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கவர்னர் கேட்ட வேகத்தைச் சில்லிடம் சொல்வது டிரைவர். இன்டெல் பிஸ்டேட் டிரைவர் தன் முழுக் கட்டுப்பாட்டு நிலையில் ஓடும்போது பவர்சேவ் என்று காட்டினால் சிபியுவை அடிமட்டத்தில் கட்டிப்போட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. பொதுவான பவர்சேவ் கவர்னர்தான் அப்படிச் செய்யும், இந்த டிரைவருக்குள் இருப்பது பெயரில் மட்டும் ஒன்று, வேலைக்கு ஏற்ப ஏறி இறங்கும். 2015இல் வந்த ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையையே சில்லு எடுத்துக்கொள்ள முடிகிறது, அந்த வசதி இயங்கினால் கெர்னல் கீழ் வரம்பு, மேல் வரம்பு, சிக்கனமா வேகமா என்ற விருப்பம் இவற்றைத்தான் சொல்கிறது. அதனால் ஸ்கேலிங் டிரைவர் என்ற கோப்பில் என்ன பெயர் இருக்கிறது என்பதை முதல் வரியில் எழுதுங்கள். ஏசிபிஐ சிபியுஃப்ரீக்கா, இன்டெல் பிஸ்டேட்டா, ஏஎம்டி பிஸ்டேட்டா என்று தெரியாமல் யாராலும் உதவ முடியாது.

இனி கெர்னலுக்குள்ளேயே பிழை இருந்தால் அது எப்படி இருக்கும் என்று காட்ட 2024 ஜனவரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்து இந்தத் துறையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 6.8 பதிப்புக்கு மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டிருந்த லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் சொந்தக் கணினியே திடீரென்று மெதுவானது. அவருடையது 32 கோர் கொண்ட ஏஎம்டி த்ரெட்ரிப்பர் சிபியு. எதுவும் மாறாத கெர்னலை மறுபடி பில்ட் செய்தால் 22 விநாடியில் முடிவது 44 விநாடி ஆனது. அவரே பைசெக்ட் செய்து, அதாவது நடுவில் வந்த மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடி, வேலைப் பளுவைப் பார்த்து வேகம் கேட்கும் ஷெட்யூட்டில் கவர்னரின் கணக்கைத் திருத்தி எழுதிய ஒரு கமிட்டில் (பதிவான ஒரு மாற்றம்) வந்து நின்றார். அதை எழுதியவர் வின்சென்ட் கிட்டோ, எந்த வேலை எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் பகுதியில் நீண்ட அனுபவம் உள்ளவர், எடுத்த நோக்கமும் நல்ல நோக்கம்தான்.

என்ன நடந்தது என்றால், ஷெட்யூட்டில் ஒரு எளிய கணக்கைத்தான் போடுகிறது. கோர் எத்தனை பங்கு வேலையில் இருந்தது என்பதை ஒரு அடிப்படை வேகத்தால் பெருக்கி, அதற்கு மேல் 25 சதவீதம் கூட்டிக் கேட்கும். பல சில்லுகளில் அந்த அடிப்படை வேகம் சில்லின் உச்ச வேகம். 1 கிகாஹெர்ட்ஸில் முழு நேரமும் ஓடியதும் 4 கிகாஹெர்ட்ஸில் முழு நேரமும் ஓடியதும் ஒன்று இல்லை என்பதைக் கெர்னல் அங்கே சரியாக நிறுத்துப் பார்க்கிறது. லினஸின் கணினியில் அந்த வசதி இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கெர்னலுக்குத் தெரிவது ‘இப்போதிருக்கும் வேகத்தில் கோருக்கு மூச்சுவிட நேரமில்லை’ என்பது மட்டும்தான், அதனால் நடப்பு வேகமே அடிப்படை. கோர் 2,200 மெகாஹெர்ட்ஸில் முழுசாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,200ஐ 1.25ஆல் பெருக்கினால் 2,750, அதற்கு மேல் இருக்கும் அடுத்த படிக்கு ஏறும், அங்கேயும் முழுசாக ஓடினால் இன்னொரு படி. ஏணி மாதிரி ஏறி உச்சிக்குப் போய்விடும்.

புதிய கமிட் அந்த 25 சதவீதத்தைக் கணக்கின் கடைசியிலிருந்து எடுத்து முன்பக்கம் வைத்தது. வேலைப் பங்கோடு முதலிலேயே 25 சதவீதத்தைக் கூட்டிவிட்டு, பிறகு அது கோரின் முழுக் கொள்ளளவான 1,024ஐத் தாண்டக் கூடாது என்று வெட்டிவிட்டது. 1,024ஐ 1.25ஆல் பெருக்கினால் 1,280, அதை வெட்டினால் மறுபடி 1,024. ஆக 2,200 பெருக்கல் 1,024 வகுத்தல் 1,024. விடை 2,200. கோர் எவ்வளவு தவித்தாலும் ஏணியின் அடுத்த படியைக் கேட்கவே வழியில்லை. உச்ச வேகத்தை அடிப்படையாக எடுக்கும் கணினிகளில் இதே மாற்றம் ஒரு தீங்கும் செய்யவில்லை, அதனால்தான் சோதனைகளில் தப்பிவிட்டது. திருத்தமும் வின்சென்ட்டிடமிருந்தே வந்தது, அதன் சாரம் ஒரே வரி. அடிப்படையாக நடப்பு வேகத்தை எடுக்க வேண்டிய இடத்தில், நடப்பு வேகத்தோடு அதன் நான்கில் ஒரு பங்கைக் கூட்டி எடு. இழந்த 25 சதவீதம் மறுபக்கத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது.

தம்பி, அந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் நீங்களே இரண்டு தடவை போட்டுப் பாருங்கள். உங்கள் பிழையும் இந்த இனமாக இருக்க வாய்ப்பு உண்டு, குறிப்பாக டிரைவர் ஏசிபிஐ சிபியுஃப்ரீக் என்று இருந்து, கவர்னர் ஷெட்யூட்டிலாக இருக்கும்போது மட்டும் மெதுவாகி, பெர்ஃபார்மன்ஸில் சரியாகிவிட்டால். ஆனால் நீங்கள் பெர்ஃபார்மன்ஸ் வைத்தும் அசையவில்லை என்கிறீர்கள். அந்த ஒரு தகவல் கவர்னரைக் கிட்டத்தட்ட விடுவித்துவிடுகிறது, ஏனென்றால் பெர்ஃபார்மன்ஸ் கவர்னர் கணக்கே போடுவதில்லை, அனுமதிக்கப்பட்ட உச்சத்தை அப்படியே கேட்கும். ஆகவே உங்கள் விஷயத்தில் வரம்பையும் டிரைவரையும் அதற்குக் கீழே இருப்பதையும்தான் சந்தேகிக்க வேண்டும்.

வரம்பு விஷயத்திலும் கெர்னலில் நிஜப் பிழைகள் இருந்திருக்கின்றன, எதிர்த் திசையில். ஒரு கோர் சற்று முன்வரை மும்முரமாக இருந்தால் அதன் வேகத்தை அவசரப்பட்டுக் குறைக்காதே என்று ஷெட்யூட்டிலில் ஒரு ஏற்பாடு உண்டு. சூடேறி வரம்பு கீழே வரும்போதும் அந்த ஏற்பாடு குறுக்கே நின்றது, அதனால் புது வரம்புக்குள் உடனே வர வேண்டிய சிபியு பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. 2019இல் விரேஷ் குமார் இதைத் திருத்தினார், வரம்பு மாறினால் அந்தச் சலுகை கிடையாது என்று. அறைக்குள்ளேயே 32 டிகிரி இருக்கும் நம் ஊரில் இந்தத் திருத்தத்தின் அருமை நமக்குத்தான் தெரியும்.

டிரைவர் பிழைக்கு என் வேலையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். நான்கு கோர் ஆர்ம் சில்லு வைத்த ஒரு போர்டு, எப்போதாவது ஒரு தடவை அப்படியே உறைந்துபோகும், கன்சோலில் ஒரு எழுத்துகூட வராது. கவர்னரை, வேகத்தை நாமே சொல்ல விடும் யூசர்ஸ்பேஸ் என்று வைத்து, ஸ்கிரிப்டில் உச்ச வேகத்துக்கும் அடி வேகத்துக்கும் மாறி மாறித் தாவவிட்டேன், கூடவே நான்கு கோரிலும் கனமான கணக்கு. சராசரியாக முந்நூறு தாவலுக்கு ஒரு தடவை உறைந்தது. அப்புறம் கோருக்கு மின்சாரம் போகும் தடத்தில் ஆசிலோஸ்கோப் முனையை வைத்தேன், கடிகாரத்தின் அளவை வெளியே காட்டும் பின்னில் இன்னொரு முனை. திரையில் அப்படியே தெரிந்தது. மேல் கோட்டில் மின்னழுத்தம் இறங்கத் தொடங்கிவிட்டது, கீழ்க் கோட்டில் கடிகாரத்தின் பற்கள் இன்னும் நெருக்கமாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன, இருபது மைக்ரோ விநாடி போல கழித்துத்தான் அவை அகலமாகின. டிரைவர், வேகத்தைக் குறைக்கும்போதும் மின்னழுத்தத்தையே முதலில் மாற்றியிருக்கிறது. ஏறும்போது மின்னழுத்தம் முதலில், பிறகு வேகம். இறங்கும்போது வேகம் முதலில், பிறகு மின்னழுத்தம். இந்த வரிசை தவறினால் சில்லு பட்டினியோடு ஓட வேண்டியிருக்கும், ஏதோ ஒரு பிட் புரளும், அவ்வளவுதான். எந்த வேகத்துக்கு எந்த மின்னழுத்தம் என்பதைக் கவனிக்கும் கெர்னலின் ஓபிபி பகுதியில் இந்த வரிசையைச் சரியாகக் கவனித்துக்கொள்ளும் பொதுச் செயல்கூறு ஏற்கெனவே இருக்கிறது. போர்டு தந்தவர்கள் அதைப் பயன்படுத்தாமல் சொந்தமாக எழுதியிருந்தார்கள், நான் அதைத் தூக்கிவிட்டுப் பொதுவானதை அழைத்தேன். மூன்று நாள் இரவும் பகலும் தாவவிட்டும் உறையவில்லை.

சரி, பழைய கெர்னல் நல்லது, புதியது கெட்டது என்று உறுதியானால் பைசெக்ட்தான் வழி. பயப்பட வேண்டாம், 16,384 மாற்றங்கள் நடுவில் இருந்தாலும் 14 பில்டில் ஆள் பிடிபட்டுவிடும். உங்கள் மாட்யூல்களை மட்டும் வைத்து லோக்கல்மாட்கான்ஃபிக் மூலம் அமைப்பைச் சுருக்கிக்கொண்டால் ஒவ்வொரு பில்டும் வெகுவாகக் குறையும். ஒவ்வொரு படியிலும் ஒரே சோதனை, ஒரே சார்ஜர், கணினி ஏறி ஐந்து நிமிடம் ஆன பிறகு. ஒரு தடவை ‘நல்லது’ என்பதைத் தவறாகக் ‘கெட்டது’ என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் செய்த அத்தனை உழைப்பும் வீண், சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் கமிட்டில் போய் நிற்பீர்கள். சந்தேகமாக இருந்தால் அதே பில்டை மூன்று தடவை ஏற்றிப் பாருங்கள். கடைசியில் கிடைத்த கமிட்டைப் புதிய கெர்னலில் மட்டும் நீக்கிவிட்டு வேகம் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

பேட்ச், அதாவது அனுப்பும் திருத்தத்தை எழுதும்போது திருத்திய வரியைவிட விளக்கம்தான் முக்கியம். எந்தச் சில்லு, எந்த டிரைவர், எந்த எண் எதுவாக இருந்தது, ஏன் அப்படி ஆனது. ஃபிக்சஸ் என்று தொடங்கி, பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் அடையாளத்தில் முதல் 12 எழுத்தையும் அதன் தலைப்பையும் எழுதுங்கள், பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் போய்ச் சேர அதுதான் உதவும். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்மெயின்டெய்னர் ஸ்கிரிப்டே சொல்லும், இந்தப் பகுதி என்றால் ரஃபேல் விசோட்ஸ்கி, விரேஷ் குமார் பெயர்கள் வரும். உங்களால் திருத்தம் எழுத முடியாவிட்டாலும் பைசெக்ட் முடிவோடு ஒரு நல்ல அறிக்கை அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது, அதையும் அவர்கள் மதிப்பார்கள்.

1972லேயே இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இங்கே பினாங்கில் திறந்தது. சில்லைக் கூட்டி முடிக்கவும் சோதிக்கவும் தெரிந்த கைகள் நம் ஊரில் ஐம்பது வருஷமாக இருக்கின்றன, அந்தச் சில்லை ஓட்டும் கெர்னல் வரிகளிலும் நம் பிள்ளைகளின் பெயர் வர வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை, அதனால்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

இப்போதைக்கு டிரைவர் பெயரையும் அந்த மூன்று எண்களையும் இரண்டு கெர்னலிலும் எடுத்து அனுப்புங்கள், சார்ஜரோடு ஒரு தடவை, சார்ஜர் இல்லாமல் ஒரு தடவை. மூடி வைத்துத் திறந்த பிறகு தனியாக இன்னொரு தடவை. கணினி தூங்கி எழும்போது சில பதிவேடுகளை ஃபர்ம்வேர் தன் விருப்பத்துக்கு மாற்றிவைத்துவிடும், டிரைவர் அதைத் திரும்ப எழுத மறந்தால் எழுந்த பிறகு மட்டும் வேகம் விழும். உங்களுக்கு அப்படித்தான் என்றால் தேட வேண்டிய இடம் டிரைவரின் ரெஸ்யூம் செயல்கூறு, நேராக அங்கேயே போய்விடலாம்.